நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

காசிமேட்டில் ஒரு திருவிழாக் கச்சேரி. ‘என் இனிய பொன் நிலாவே’ முடிந்த கையோடு ‘ஆலுமா டோலுமா’. முதல் பாட்டுக்கு என் கிட்டார் எஃபெக்ட்ஸ் பெட்டியில் கோரஸ் போட்ட க்ளீன் சவுண்டு, 4ஆம் பேட்ச் (பெட்டியில் சேமித்து வைத்த சவுண்டுதான் பேட்ச்). அடுத்ததற்கு டிஸ்டார்ஷன், 9ஆம் பேட்ச். டிரம்மர் நாலு எண்ணி முடிப்பதற்குள் ஐந்து மிதி மிதிக்கணும். கடைசி கார்டு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்ததை மறந்து மிதித்தேன். நடுவில் இருந்த நாலு பேட்ச்சும் ஆளுக்கொரு கூச்சல் போட்டுவிட்டுப் போயின. முன்வரிசைப் பாட்டி ஒருத்தர் காதைப் பொத்திக்கொண்டார். கீபோர்டு அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அது போதாதா?

என் முதல் பெட்டி, பழையதாக வாங்கிய ஜூம் 505. மொத்தமே 24 பேட்ச், மிதிக்க ரெண்டு சுவிட்ச். அதில் தொலைந்துபோக இடமில்லை. நூறு இடம் உள்ள பெட்டிக்கு மாறியதும் க்ளீன் எல்லாம் ஒரு பக்கம், டிஸ்டார்ஷன் எல்லாம் ஒரு பக்கம் என்று மளிகைக்கடை மாதிரி அடுக்கினேன். தப்பு அங்கேதான். இப்போது பாட்டு வரிசைதான் பேட்ச் வரிசை. ஒரே க்ளீன் சவுண்டை நாலு இடத்தில் காப்பி போட்டு வைக்கிறேன். காலி இடம் வாடகையா கேட்கிறது? ஒரு பாட்டுக்குள்ளேயே சோலோ வந்தால் பேட்ச்சை மாற்றுவதில்லை. பல பெட்டிகளில் மாறும்போது சத்தம் ஒரு கணம் அறுந்துபோகும், டிலேயின் வாலும் சேர்ந்து அறும். அதே பேட்ச்சுக்குள் பூஸ்ட்டை மட்டும் ஆன் செய்யும்படி ஒரு சுவிட்ச்சை ஒதுக்கிவிட்டேன்.

வீட்டில் ராத்திரி ஹெட்போனில் செதுக்கிய சவுண்டை நம்பாதீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு பாஸும் ட்ரெபிளும் மங்கலாகத்தான் கேட்கும். அதனால் நம் கை தானாக அந்த ரெண்டையும் ஏற்றிவிடும். மேடையில் பாஸ் கிட்டாரும் சிம்பலும் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ள, நம் கிட்டார் காணாமல் போகும். மிட்டை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும், கூட்டத்தில் சரியாக நிற்கும். பேட்ச்களின் லெவலையும் மேடை சத்தத்திலேயே ஒன்றுக்கொன்று சரிபாருங்கள்.

அப்புறம் சேவ். திருவொற்றியூரில் ஒருமுறை சவுண்டு செக்கில் அரைமணி நேரம் திருகி அருமையான ஒரு டிரைவ் பிடித்தேன். மெயின் லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். பெட்டி அணைந்து எரிந்தது, பழைய சவுண்டு வந்து நின்றது. சேவ் அழுத்தாதவரை நாம் திருகியதெல்லாம் தற்காலிகம்தான். வேறு பேட்ச்சுக்குப் போய்த் திரும்பினாலே அழிந்துவிடும். இன்னொன்று, பேட்ச்சை அழைத்ததும் உள்ளே இருக்கும் அளவும் நாப் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்காது. பாட்டு நடுவே நாப்பைத் தொட்டால் வால்யூம் எகிறிக் குதிக்கும். தொடாதீர்கள்.

கீபோர்டிலிருந்து மிடி வழியாக பேட்ச் மாற்றினால், மிடி கணக்கு 0 முதல் 127 வரை. சில பெட்டி 1இலிருந்து எண்ணும். ஒரு எண் தள்ளி விழுகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

இப்போது திருவிழா ராத்திரிக்கு ஒன்பது பேட்ச் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவுக்கு ரெண்டு. மீதி இடமெல்லாம் காலி.