கொசுப்புழு தின்னும் மீனை இன்னதென்று அறிதல்

குற்றால மலையில் பெய்யும் மழை சிற்றாறாக இறங்கி, தென்காசியைக் கடந்து, தாமிரபரணியைச் சேருகிறது. சாரற்காலம் கழிந்தபின் பள்ளங்களிலும், இறைப்பில்லாத கிணறுகளிலும் தேங்கும் ஜலத்தில் கொசு முட்டையிடும். வெப்ப நாட்களில் அம்முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏறக்குறையப் பத்து நாள் போதும். 1897-ம் வருஷத்தில் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் டாக்டர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்தார். அது முதல், கொசுவைப் புழுப் பருவத்திலேயே ஒழிக்கும் முயற்சி வலுப்பெற்றது.

இதற்கு உதவும் சிறு மீன்களுள் ஒன்று நம் நாட்டிற்கே உரியது. மேற்கு மலைக்கு அப்பாலுள்ள மலையாளிகள் அதனை மானத்துக்கண்ணி என்பர். வானத்தை நோக்கிய கண்ணுடையது என்பது பொருள். சாஸ்திரப் பெயர் அப்ளோகைலஸ் லினியேட்டஸ். மற்றொன்று அமெரிக்க மீனாகிய காம்பூசியா. இஃது 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டிற்கும் வாய் மேல்நோக்கியிருக்கும். முதுகுத் துடுப்பு வாலையடுத்துப் பின்தள்ளியிருக்கும். ஆதலால் மேலோட்டமாய்ப் பார்ப்பவர் மயங்குவது இயல்பே.

மீனை ஜலத்தோடு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு, முதலில் மேலிருந்து பார்க்கவேண்டும். நாட்டு மீனின் தட்டையான உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டுப்போல் ஒரு புள்ளி மின்னும். காம்பூசியாவிற்கு அது கிடையாது. பின்பு பக்கவாட்டில் நோக்குக. நாட்டு மீனின் உடலில் பொன்னிறப் புள்ளி வரிசைகளும், குறுக்கே கரும்பட்டைகளும் தோன்றும். வயிற்றின் பின்புறத்துத் துடுப்பு அடியில் அகன்று நீண்டிருக்கும். காம்பூசியா பட்டையின்றிச் சாம்பல் நிறமாயிருக்கும். அதன் அத்துடுப்புக் குறுகியது, ஆணுக்கோ குச்சிபோல் கூர்த்தது. சினைப்பட்ட பெண்ணின் வயிற்றோரம் கறுத்த மறு உண்டு. அளவை மட்டும் நம்புதல் கூடாது. நாட்டு மீன் நான்கு அங்குலம் வரை வளருமாயினும் அதன் குஞ்சும் சிறியதே. கப்பி என்பதும் அயல் மீனே. ஆணின் பலவர்ண வாலைக் கண்டு அதனை எளிதில் அறியலாம்.

காம்பூசியா முட்டையிடாமல் குஞ்சு ஈனுவதால் விரைவில் பெருகும். அதனாலேயே அது எங்கும் பரப்பப்பட்டது. ஆனால் அது பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று, அவற்றின் துடுப்புகளையும் கடிக்கும். உலகிற்கு மிகத் தீங்கான நூறு அந்நிய ஜீவன்களுள் ஒன்றாக 2000-ல் வெளியான சர்வதேச ஜாபிதாவில் அது சேர்க்கப்பட்டது. தாமிரபரணிக்கே உரிய கெண்டை வகையொன்றை 1954-ல் சைலஸ் என்னும் நிபுணர் விவரித்தார். அத்தகைய மீன்கள் வாழும் நதியிற் சேரும் சிற்றாற்றிலும் அதன் வாய்க்கால்களிலும் காம்பூசியாவை விடுதல் தகாது. கிணற்றில் உள்ளதையும் இறைக்கும்போது வாய்க்காலுக்குத் தப்பவிடலாகாது.

நாட்டு மீன் கிடைக்குமிடத்தில் அதுவே போதுமானது. மலேரியாக் கொசுவின் புழு ஜலத்தின் மேற்பரப்பில் படிந்தே கிடக்கும். இம்மீன் இரை தேடுவதும் அங்கேயே. ஊர்க்குளத்தின் ஓரத்தில் மெல்லிய துணிகொண்டு இதனைப் பிடிக்கலாம். துள்ளி வெளியே விழும் குணமுள்ளதாகையால் குடத்தின் வாயைத் துணியால் கட்டிக் கொண்டுபோதல் வேண்டும். பாசியிலும் செடியிலும் முட்டையிடுவதாதலால், விடப்படும் கிணற்றில் சிறிது நீர்ச்செடி இருக்கட்டும். விரால் உள்ள கிணற்றில் விட்டால் விராலுக்கே இரையாகும்.