தகட்டுக்குள் புகும் ஆவி
(10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

தலைப்பைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இது பேய்க் கதை இல்லை, வேதியியல்தான். கீழ் வகுப்பிலேயே கோடிட்ட இடமாக எழுதியிருக்கிறோம்: திண்மப் பொருள் திரவம் ஆகாமல் நேராக வாயுவாக மாறுவதற்கு என்ன பெயர்? எல்லாரும் 'பதங்கமாதல்' என்று எழுதி ஒரு மார்க் வாங்கினோம். எடுத்துக்காட்டு கேட்டால் கற்பூரம், அந்துருண்டை, அயோடின். அதோடு மறந்தும் போனோம். அந்த ஒரு மார்க் சொல்லை வைத்துத்தான் ஊர் ஊருக்குப் போட்டோ கப் கடைகளும் ஜெர்சிக் கடைகளும் நடக்கின்றன.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், நம் பள்ளியில் 1986-இல் பத்தாம் வகுப்பு படித்த முன்னாள் மாணவர்கள் தங்கள் குழுப் படத்தை அலுமினியத் தகட்டில் அச்சடித்துத் தரப்போகிறார்கள். உங்களுக்கும் தெரிந்த செய்திதான். அதை வாசல் கேட் தூணில் பதிக்கலாம் என்று பேச்சு. "ஸ்டிக்கர் ஒட்டுவாங்க" என்கிறார்கள் சிலர். "இல்ல, பெயிண்ட் அடிப்பாங்க" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை. அது என்ன என்று புரிந்துவிட்டால் கேட் தூண் சரியான இடமா என்பதும் தானாகப் புரிந்துவிடும். அதனால் அறிவியல் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, எங்கள் சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு கடையில் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். கடைக்கார அண்ணன் நான் கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார்.

முதலில் படத்தைக் கணினியில் இடம் வலமாகத் திருப்புகிறார், கண்ணாடியில் தெரிவதைப் போல. பிறகு அதற்கென்றே இருக்கும் தாளில் பிரிண்ட் எடுக்கிறார். பிரிண்டர் பார்க்கச் சாதாரண இங்க் பிரிண்டர் மாதிரிதான் இருக்கிறது. உள்ளே ஊற்றும் மைதான் வேறு. வெளியே வந்த தாளைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சிவப்பு செங்கல் பொடி மாதிரி, கறுப்பு சாம்பல் மாதிரி, மொத்தப் படமும் மங்கல். "என்ன அண்ணா, மை தீர்ந்துபோச்சா?" என்று கேட்டேன். "இரும்மா, இது இன்னும் வேகலை" என்றார்.

அடுத்து ஹீட் பிரஸ். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பெரிய பலகை அளவுக்கு ஆக்கி, மேலிருந்து அழுத்துகிற மாதிரி கைப்பிடி வைத்தால் எப்படியோ அப்படி. தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டு, மை இருக்கும் பக்கம் தகட்டைத் தொடும்படி தாளைக் கவிழ்த்து, வெப்பம் தாங்கும் டேப்பால் ஓரங்களை ஒட்டுகிறார். மேலே ஒரு வெறும் தாள். சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். மெல்லிய தகட்டுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். கடைக்குக் கடை, தகட்டுக்குத் தகடு இது கொஞ்சம் மாறும். மணி அடித்ததும் திறந்து தாளை உரித்தார். செங்கல் பொடி ரத்தச் சிவப்பாகிவிட்டது! சாம்பல் நல்ல கறுப்பாகிவிட்டது. தாளில் மிச்சம் இருந்தது வெளிறிய நிழல் மட்டும்தான்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் என்ன நடந்தது? பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். அடியில் அலுமினியம். அதன் மேல் பாலியஸ்டர் வகைப் பூச்சு, மெல்லிய படலமாக. அதன் மேல் மை. அதன் மேல் தாள். சாயம் அலுமினியத்துக்குள் போவதே இல்லை. அலுமினியம் எதையும் உறிஞ்சாது. பூச்சு இல்லாத வெறும் தகட்டில் இதைச் செய்தால் துடைத்தால் போய்விடும். படம் இருக்கப்போவது பூச்சுக்குள். சாதாரணமாக அந்தப் பூச்சின் மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு இறுகியிருக்கும். சூடேறினால் சங்கிலிகள் ஆட ஆரம்பித்து இடைவெளி விடும். அதே சூட்டில் மையிலுள்ள சாயம் ஆவியாகி, அந்த இடைவெளிகளுக்குள் நுழைந்து பரவும். ஆறியதும் சங்கிலிகள் மறுபடி இறுகும். உள்ளே போன சாயம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தியேட்டருக்குள் ஆளை விட்டுக் கதவைச் சாத்திய மாதிரி.

இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும். ஏன் இத்தனை அழுத்தம்? தாளுக்கும் தகட்டுக்கும் இடையே சந்து இருந்தால் ஆவி பக்கவாட்டில் ஓடி, கோடுகள் மங்கிவிடும். ஏன் டேப்? பிரஸ்ஸைத் திறக்கும்போது தாள் ஒரு நூல் நகர்ந்தாலும், இன்னும் வந்துகொண்டிருக்கும் ஆவி பக்கத்தில் படிந்து, ஒவ்வொரு முகத்துக்கும் இன்னொரு நிழல் முகம் விழும். (இதுதான் உண்மையான ஆவிப் படம்!) மேலே எதற்கு வெறும் தாள்? ஆவி கீழே மட்டும் போகாது, மேலேயும் போகும். அது பிரஸ்ஸின் தட்டில் படிந்தால் அடுத்து வருபவரின் கல்யாணப் படத்தில் நம் படத்தின் கறை ஏறிவிடும். தாளில் ஈரம் இருந்தால் நீராவி குறுக்கே வந்து புள்ளி புள்ளியாகக் கெடுக்கும். அதனால் மழைக்காலத்தில் தாளை முதலில் சில வினாடி பிரஸ்ஸில் காட்டிவிட்டுத்தான் வேலையே தொடங்குவாராம்.

சூடும் நேரமும் சமையல் மாதிரி. குறைந்தால் சாயம் முழுதாக ஏறாமல் படம் வெளிறும். கூடினால் கறுப்பு பழுப்படிக்கும். நம் 1986 படம் கறுப்பு வெள்ளை. கலர் படத்தில் லேசான பழுப்பு தெரியாமல் போகலாம், கறுப்பு வெள்ளையில் எல்லார் தலைமுடியும் மருதாணி போட்ட மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரு சின்னத் துண்டில் சோதித்துப் பார்த்த பிறகுதான் பெரிய தகட்டில் போட வேண்டும் என்று அண்ணனே சொன்னார்.

இந்தச் சாயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1920-களில் அசிடேட் என்ற செயற்கைப் பட்டு வந்தபோது, தண்ணீரில் கரையும் பழைய சாயங்கள் அதில் ஏறவே இல்லை. அதற்காக, தண்ணீரில் அநேகமாகக் கரையாத ஒரு வகைச் சாயத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தூளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பின்னர் 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் தண்ணீரோடு ஒட்டாத பொருள். தண்ணீருக்கு ஆகாத சாயமும் தண்ணீருக்கு ஆகாத இழையும் நல்ல ஜோடியாகிவிட்டன. 1957-இல் பிரான்சு நாட்டில், துணித் தொழிலில் இருந்த நொயெல் த பிளாஸ் என்பவர் இந்தச் சாயங்கள் சூட்டில் ஆவியாவதை வைத்து, தாளிலிருந்து துணிக்குப் படத்தை மாற்றும் வழியைக் கண்டார். அலுமினியத்துக்கும் பீங்கான் கப்புக்கும் பாலியஸ்டர் மாதிரி ஒரு மேற்பூச்சு கொடுத்தால் துணிக்குச் செய்ததை அவற்றுக்கும் செய்யலாம் என்பது அதற்குப் பிறகு வந்த யோசனை.

நமக்குத் தெரிந்த உதாரணம் வேண்டும் என்றால் விளையாட்டு ஜெர்சியைப் பாருங்கள். திருப்பூரில் இந்த முறையில் ஏராளமாக அச்சடிக்கிறார்கள். எத்தனை துவைத்தாலும் எண் உரியாது, ஏனென்றால் உரிவதற்கு மேலே ஒன்றும் இல்லை. நூலுக்குள்ளேயே நிறம் இருக்கிறது. ஆனால் நம் பருத்தி யூனிபார்மில் இதைச் செய்தால் இரண்டு மூன்று துவையலில் வெளுத்துவிடும். பருத்தி தண்ணீரோடு சேரும் இழை, அது இந்தச் சாயத்தைப் பிடித்து வைக்காது. கடையில் ஒரே படத்தைப் பருத்தித் துணியிலும் பாலியஸ்டர் துணியிலும் போட்டு, துவைத்து, இரண்டையும் சேர்த்து மாட்டி வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால் அதைக் காட்டுவாராம். எனக்கு நம் ஆய்வகத்தை விட அந்தச் சுவர் பிடித்திருந்தது. (மிஸ் மன்னிக்கவும்.)

இன்னொரு வேடிக்கை, இந்த மையில் வெள்ளை நிறமே கிடையாது. படத்தில் வெள்ளை வரவேண்டிய இடத்தில் பிரிண்டர் ஒன்றும் தெளிக்காது. அடியில் இருப்பது அப்படியே தெரியும். அதனால்தான் கறுப்பு டி-ஷர்ட்டில் இது எடுபடாது. தகட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அடியில் வெள்ளைப் பூச்சு இருக்கும். இன்னொன்றில் ஒளி ஊடுருவும் பூச்சு மட்டும் இருக்கும், உள்ளே அலுமினியம் பளபளக்கும். கடல், கார், பைக் படங்களுக்கு இரண்டாவது பிரமாதமாக இருக்கிறது. நம் படத்துக்கு வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் பையன்கள் அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை. அந்தத் தகட்டில் போட்டால் எல்லார் சட்டையும் எவர்சில்வர் தட்டு மாதிரி ஆகிவிடும். முகங்களும் சாய்த்துப் பார்த்தால் ஒரு மாதிரி, நேரே பார்த்தால் ஒரு மாதிரி தெரியும். விலை ஒன்றுபோல இருந்தாலும் வெள்ளைத் தகடுதான் கேட்க வேண்டும்.

ஏன் அலுமினியம், ஏன் இரும்பு இல்லை என்றும் கேட்டேன். எடை குறைவு. இரும்பு ஒரு கன சென்டிமீட்டர் ஏறக்குறைய 7.9 கிராம், அலுமினியம் 2.7 கிராம்தான். இரும்பு மாதிரி துருப்பிடித்துப் பூச்சைத் தூக்கிவிடாது. வெப்பத்தை வேகமாக, எல்லா இடத்துக்கும் ஒரே சீராகக் கடத்தும், அதனால் படம் திட்டுத் திட்டாக வராது. அது உருகுவது 660 டிகிரியில், 200 டிகிரி அதற்கு வெயில் காய்வது மாதிரி.

இனி கேட் தூண் விஷயத்துக்கு வருகிறேன். நகத்தால் சுரண்டினேன், ஒரு ரூபாய்க் காசால் லேசாகத் தேய்த்தேன், ஈரத்துணியால் துடைத்தேன். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. "அப்போ நூறு வருஷம் இருக்குமா அண்ணா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் கடை வாசலுக்குக் கூட்டிப் போனார். வெளியே வெயிலில் தொங்கிய முருகன் படத்தையும் உள்ளே மாட்டியிருந்த அதே முருகன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டும் ஒரே நாளில் போட்டவையாம். வெளியில் இருந்த மயில் தன் நீலத்தைப் பாதி இழந்துவிட்டது.

காரணம் இதுதான். பூச்சு, சாயத்தைக் கையிடமிருந்து காப்பாற்றுகிறது, தண்ணீரிடமிருந்து காப்பாற்றுகிறது. ஒளியிடமிருந்து எப்படிக் காப்பாற்றும்? ஒளி உள்ளே போகாவிட்டால் நமக்குப் படமே தெரியாதே! வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பூச்சைத் தாண்டிப் போய் சாய மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த மூலக்கூறுக்கு நிறம் இல்லை. நம் கேட் தூண் மேற்குப் பார்த்தது. மதியம் தொடங்கி சூரியன் மறையும் வரை நேர் வெயில், பக்கத்தில் ஒரு வேப்பமரம்கூட இல்லை. அங்கே பதித்தால் முதலில் முகங்கள்தான் வெளிறும், ஏனென்றால் அங்கேதான் சாயம் மிகக் குறைவு. பெயர்கள் மட்டும் மிஞ்சும்.

வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் வேறு முறை இருக்கிறது. பழைய வீட்டு எண் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள், இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சை ஏறக்குறைய 800 டிகிரியில் சுட்டது. அதில் நிறம் தருபவை உலோக ஆக்சைடுகள், வெயிலுக்கு அசையாது. ஆனால் ஐம்பது முகம் உள்ள போட்டோவுக்கு அது ஒத்துவருமா? கல்லில் வெட்டுவதும் பெயருக்குச் சரி, முகத்துக்குச் சரிவராது. ஆகவே என் கருத்து: பெயர் மட்டும் கல்லில் வேண்டுமானால் கேட்டில் இருக்கட்டும். படம் தலைமையாசிரியர் அறைக்கு எதிரே உள்ள வராந்தாவில், வடக்குச் சுவரில், நேர் வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். துடைக்க ஈரத்துணி போதும். பித்தளைக் குத்துவிளக்கு என்று நினைத்து யாரும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடக் கூடாது.

பழைய படத்தை மொபைலில் பிடித்து அனுப்பினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். டியூப் லைட் வெளிச்சம் பளிச்சென்று ஒரு மூலையில் விழும், ஓரங்கள் வளையும். மூலப் படம் 6 அங்குலத்துக்கு 8 அங்குலம். அதை 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தால் 3600-க்கு 4800 புள்ளிகள் கிடைக்கும். அதை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்து 12-க்கு 16 அங்குலத் தகட்டில் தெளிவாகப் போடலாம். அதற்கு மேல் பெரிதாக்கினால் கடைசி வரிசைக்காரர்கள் கண்ணில் புள்ளிதான் தெரியும்.

கடைசியாக அவசரமான ஒன்று. படத்துக்குக் கீழே எல்லார் பெயரும் வரும். உள்ளே போன சாயத்தை ரப்பரால் அழிக்க முடியாது, வெள்ளை மை வைத்து மறைக்கவும் முடியாது. ஒரு எழுத்து தப்பினால் தகடே வீண். தாளில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி இருப்பதால் பிரிண்ட் எடுத்த பிறகு பிழை கண்ணில் படவும் படாது. 'ண'வா 'ன'வா என்று கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை. ஆகவே பெயர்ப் பட்டியலை இந்தத் தாளுக்குக் கீழேயே குத்தி வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா, பெரியப்பா, அத்தை, தாத்தா யாராவது அந்த வகுப்பில் படித்திருந்தால் வீட்டில் கேட்டு, இனிஷியலோடு சரிபாருங்கள். மூன்றாவது வரிசையில் இடது ஓரமாக நிற்கும் இருவரின் பெயர் இன்னும் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளைக்குள் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். அன்று மாலை பட்டியல் கடைக்குப் போகிறது.