ஏழு குழிகளும் 50 மைக்ரோ விநாடியும்

அன்புள்ள கயல்விழிக்கு,

இண்டக்‌ஷன் மோட்டாரைக் கட்டுப்படுத்துவது ஏன் இத்தனை சிரமம் என்று கேட்டிருந்தாய். உங்கள் ஆய்வுக்கூட மோட்டாரின் நேம் பிளேட்டைப் பார். நான்கு துருவ மோட்டார் என்றால், 50 ஹெர்ட்ஸில் அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும். பிளேட்டிலோ 1440 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். அந்தப் பின்தங்கல்தான் ஸ்லிப். ரோட்டார் பின்தங்கினால்தான் அதன் கம்பிகளில் மின்னோட்டம் தூண்டப்படும், முறுக்கு விசை பிறக்கும். சிக்கலும் அங்கேதான். கூண்டு ரோட்டாருக்குள் வெளியிலிருந்து ஓர் ஒயர்கூடப் போவதில்லை. அதற்குள் ஓடும் மின்னோட்டத்தை நேரடியாக அளக்க வழியில்லாததால், ஸ்டேட்டார் மின்னோட்டத்தையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிட்டே அறிய வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் சீமென்ஸின் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே ஒரு வழி சொன்னார். ஸ்டேட்டார் மின்னோட்டத்தில் காந்தப் பாயத்தை உண்டாக்கும் பங்கு ஒன்று, முறுக்கு விசை தரும் பங்கு இன்னொன்று; இரண்டையும் பிரித்துத் தனித்தனியே ஆள வேண்டும். இன்றும் டிரைவ்களில் பரவலாக இருப்பது அந்த முறைதான்.

இன்னொரு வழி மாதிரி முன்கணிப்புக் கட்டுப்பாடு: கணித மாதிரியை வைத்து, ஒவ்வொரு தெரிவும் அடுத்து என்ன செய்யும் என்று முன்கூட்டியே கணித்து முடிவெடுக்கும் முறை. அது பிறந்த இடம் வேறு. 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அதைக் கையாளத் தொடங்கின. அங்கே வெப்பநிலை மெதுவாக மாறும், கணக்குப் போட நிமிடக்கணக்கில் அவகாசம் உண்டு. மோட்டாருக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேகமான செயலிகள் மலிவான பிறகே இங்கே அது நடைமுறைக்கு வந்தது. சிலி நாட்டின் வால்பராய்சோ நகரில் ஹோசே ரோட்ரிகெஸும் சகாக்களும் இன்வெர்ட்டர் மின்னோட்டத்தை இம்முறையில் கட்டுப்படுத்திக் காட்டி 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை பலரை இந்தப் பக்கம் திருப்பியது.

இம்முறையின் அழகு எளிமையில் இருக்கிறது. மோட்டாரை இயக்கும் சாதாரண இன்வெர்ட்டருக்கு மூன்று கால்கள். ஒவ்வொரு காலிலும் மேல் சுவிட்ச் அல்லது கீழ் சுவிட்ச், ஏதாவது ஒன்று மூடியிருக்கும். ஆக மொத்தம் 8 நிலைகள். அவற்றில் இரண்டு ஒரே பூஜ்ஜிய மின்னழுத்தத்தைத் தருவதால் உண்மையில் 7 தெரிவுகளே. பல்லாங்குழியில் தேர்ந்த பாட்டி, தன் பக்கத்து ஏழு குழிகளையும் மனத்துக்குள்ளேயே எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றில் கைவைப்பார் அல்லவா? அதையேதான் செயலியும் செய்கிறது.

செயலி முடிவெடுக்கும் ஒரு சுற்று 50 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொள். மின்னோட்டமும் வேகமும் அளக்கப்படுகின்றன, ரோட்டாரின் காந்தப் பாயம் கணக்கிடப்படுகிறது. கணக்கு முடிவதற்குள் நேரம் ஓடிவிடும். முந்தைய முடிவு இன்னும் மோட்டாரில் நடந்துகொண்டிருக்கும். அதனால் முதலில் அந்த முடிவு மோட்டாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து ஏழு மின்னழுத்தங்களையும் ஒவ்வொன்றாகச் சமன்பாட்டில் போட்டு, முறுக்கு விசையும் பாயமும் இலக்கிலிருந்து எவ்வளவு விலகும் என்று கண்டு, விலகல் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த 50 மைக்ரோ விநாடியில் மறுபடி முதலிலிருந்து. 50 ஹெர்ட்ஸின் ஒரு சுழற்சிக்குள் இப்படி 400 முடிவுகள்!

விலகல்களைக் கூட்டுவதில்தான் தலைவலி. முறுக்கு விசை நியூட்டன் மீட்டரில், பாயம் வெபரில். இரண்டையும் ஒரே தராசில் வைக்க ஓர் எடைக் காரணி தேவை. மதிப்பிட்ட அளவுகளின் விகிதத்தில் தொடங்கி, ஓட்டிப் பார்த்துத் திருத்துவதுதான் வழக்கம். பாயத்துக்கு எடை கூடினால் முறுக்கு விசை அதிரும். குறைந்தால் மின்னோட்டத்தின் அலைவடிவம் கோணலாகும். சுவிட்சுகள் மாறும் வேகமும் நிலையாக இருக்காது, ஒரே நிலை சில சமயம் பல சுற்றுகள் தொடரும். தொழிற்சாலைகள் தயங்குவதற்கு அதுவும் ஒரு நியாயமான காரணம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மாதிரி. ரோட்டார் 100 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் உயரும். செயலி பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருக்கும். கணினியில் இந்தக் கட்டுப்பாட்டை எழுதி முடித்ததும், மோட்டார் பகுதியில் மட்டும் ரோட்டார் தடையை 40 சதவீதம் உயர்த்தி, கட்டுப்பாட்டுப் பகுதியை அப்படியே விடு. கணிக்கும் முறுக்கு விசையையும் உண்மையில் வருவதையும் ஒரே வரைபடத்தில் போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா