நாள் தவறா எழுத்து

சென்னைக்கு வடக்கே, வங்கக் கடலை ஒட்டிப் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகா ஏரிக்கு அடுத்த பெருமை உடையது இது. ஆரணியாறும் காளங்கியாறும் தம் நீரை இதனுள் கொண்டு சேர்க்கின்றன. கடல்நீரும் முகத்துவாரத்தின் வழியே நாள்தோறும் உட்புகுந்து மீள்கின்றது. இந்த நீரோட்டம் வலிதாக உள்ளவரை முகத்துவாரம் திறந்திருக்கும். ஓட்டம் குன்றுமாயின், அலை கொணரும் மணல் சிறிது சிறிதாகப் படிந்து அவ்வாயிலை அடைத்துவிடும். அடைபட்டபின் கடலிலிருந்து மீனும் இறாலும் ஏரிக்குள் வருதல் அரிதாகும்.

இவ்வேரிக் கரையில் வாழும் மீனவரிடையே 'பாடு' என்னும் வழக்கம் ஒன்று உண்டு. மீன் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலையிட்டால் பூசல் விளையும். ஆதலின், இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலையிடலாம் என்று முறை வகுத்துக்கொள்வர். தன் முறை வந்த நாளில் மீனவன் ஏரிக்குச் செல்கின்றான். அன்று வலை நிறையுமா என்பதை அவன் அறியான். ஆயினும், வலையிட்டவனுக்கே மீன் கிடைக்கும் என்பதை நன்கு அறிவான்.

எழுத்துப் பயிற்சியும் இத்தகையதே. நல்ல கருத்துத் தோன்றட்டும், பின்னர் எழுதலாம் என்று காத்திருப்போர் பலர். அவர்தம் கை, ஓட்டம் குன்றிய முகத்துவாரம் போல மெல்ல மெல்ல அடைபட்டுப் போகும். கருத்து வந்தபின் எழுதுவதினும், எழுதுவதால் கருத்து வருதலே மிகுதி. இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக விளங்குபவர், அதே சோழமண்டலக் கரையில், பழவேற்காட்டுக்குத் தெற்கே உள்ள புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கம் பிள்ளை ஆவார்.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர். தந்தையாருடன் புதுச்சேரிக்குச் சென்று, வணிகராக உயர்ந்தார். பின்னர் ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாகப் பணியாற்றினார். வணிகமும் அரசாங்க அலுவலும் அவர் பொழுதைக் கவர்ந்துகொண்டன. எனினும், 1736-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் குறித்து வைக்கத் தொடங்கினார்.

அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. முதலில் நாளைக் குறிப்பார். அதன்பின் அன்றைய செய்தியை எழுதுவார். கப்பல் வந்ததும் போனதும், ஆளுநர் உரைத்ததும், வணிகர் வழக்கும், ஊரில் நிகழ்ந்த திருமணமும் அவர் ஏட்டில் இடம் பெற்றன. அரிய நிகழ்ச்சிக்காக அவர் காத்திருந்தாரல்லர். சில நாள்களுக்குச் சில வரிகளே போதியனவாயின. சில நாள்களுக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டன. அலங்கார நடையை நாடாது, அக்காலத்தில் மக்கள் பேசிய தமிழிலேயே அவர் எழுதினார். 1748-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட காலத்துச் செய்திகளும் அவ்வேட்டில் உள்ளன.

1761-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவர் மறைந்தார். அதே திங்களில் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆனால், அவர் எழுத்து அழியவில்லை. 1846-ஆம் ஆண்டில் கல்லுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அக்குறிப்புகளைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். 1904 முதல் 1928 வரை அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. கும்பினியாரின் ஆவணங்கள் ஐரோப்பியர் கண்ட காட்சியைக் கூறும். அக்காலத்தை ஒரு தமிழர் எவ்வாறு கண்டார் என்பதை இந்நாட்குறிப்பே நமக்கு உணர்த்துகின்றது. இருபத்துநான்கு ஆண்டு உழைப்பின் பயன் இது.

பழவேற்காட்டிலும் வரலாறு உண்டு. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் அங்குக் கோட்டை எழுப்பினர். அவர்தம் கல்லறைகள் எழுத்துப் பொறித்த கற்களுடன் இன்றும் நிற்கின்றன. மீனவர்தம் அறிவோ பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி வந்துள்ளது. எக்காற்று வீசினால் எம்மீன் வரும், நீரின் நிறம் மாறினால் யாது நிகழும் என்பன முதியோர் நெஞ்சில் உள்ளவை. எழுதி வையாவிடில் அவை அவர்களோடே மறைந்துவிடக்கூடும்.

அக்கரையில் வாழும் மாணவன் ஒருவன், மாலைதோறும் விளக்கேற்றியவுடன் ஐந்து வரி எழுதுவதாகக் கொள்வோம். நாள், காற்றின் திசை, முகத்துவாரத்தின் நிலை, கிடைத்த மீன், அதன் விலை ஆகியன போதும். பாட்டனார் கூறிய சொல் ஒன்றையும் அதனுடன் சேர்க்கலாம். ஒரு நாள் தவறினால், அதற்காக மனம் தளர்ந்து ஏட்டை மூடிவிடுதல் தகாது. மறுநாளிலிருந்து தொடர்தலே முறை. காலமும் இடமும் மாறாதிருப்பின், பழக்கம் எளிதில் வேரூன்றும். ஓராண்டு கழிந்தபின் அவ்வேட்டைப் புரட்டினால், ஏரியின் ஓராண்டு வாழ்வு அதனுள் விளங்கும். அவன் நடையும் தெளிவு பெற்றிருக்கும்.

மீனவனுக்குப் பாடு வரும் நாள் சிலவே. எழுதுவோனுக்கோ ஒவ்வொரு நாளும் பாடு உண்டு. அம்முறையைத் தவறவிடாதவனே எழுத்தில் வல்லவனாவான்.