ட்யூப் டிவியை எடைக்குப் போடும் முன்

அன்புத் தங்கச்சி,

அம்மா பார்க்கிற டிவியில் கலர் போய்விட்டது, எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பொறு. பழைய ட்யூப் டிவிக்கு வருகிற புகார்களில் பெரும்பாலானவை வயரிலோ செட்டாப் பாக்ஸ் மெனுவிலோ முடிந்துவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீயே ஒருமுறை பார்த்துவிடு.

முன்பெல்லாம் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த வயரை நேரே டிவிக்குப் பின்னால் செருகினோம். சேனலைப் பிரிப்பது டிவிக்குள் இருந்த ட்யூனரின் வேலை. பிறகு கேபிளை டிஜிட்டலாக்கச் சட்டம் வந்தது. சென்னைக்கு 2012 அக்டோபர் 31, கிராமங்கள் வரைக்கும் சேர்த்துக் கடைசியாக 2017 மார்ச் 31 என்று கெடு வைத்தார்கள். வழக்கு, பாக்ஸ் தட்டுப்பாடு என்று அதுவும் இழுத்தது. அரசு கேபிளில் இலவச பாக்ஸ் வரத் தொடங்கியதே 2017 செப்டம்பரில்தான். இப்போது அந்த வயரில் வருவதைப் பழைய ட்யூனரால் படிக்க முடியாது. பாக்ஸ் படித்து, படமாகவும் ஒலியாகவும் பிரித்து, மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் (ஏவி என்பது இதுதான்) வழியாகக் கொடுக்கிறது. டிவி வெறும் திரையும் ஸ்பீக்கரும்தான். 2006-ல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல டிவி இன்னும் பல வீடுகளில் ஓடுவது இதனால்தான். படக்குழாய் நன்றாக இருந்தால் போதும்.

இனி கலர். டிவியின் சொந்த ரிமோட்டில் மெனுவை அழுத்து. அந்த மெனு கலரில் தெரிந்து, பின்னால் ஓடும் படம் மட்டும் கறுப்பு வெள்ளையாக இருந்தால் டிவிமேல் சந்தேகமே வேண்டாம். பாக்ஸ் மெனுவில் வீடியோ செட்டிங் போய்ப் பார். பி.ஏ.எல். என்று இருக்க வேண்டிய இடத்தில் என்.டி.எஸ்.சி. என்று மாறியிருக்கும். நம் ஊர் டிவிகள் பி.ஏ.எல். முறைக்குச் செய்தவை, பல பழைய செட்டுகள் மற்றதை வாங்கினால் கலரைத் தொலைத்துவிடும். பேரப்பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விளையாடிய வீடுகளில் இது சர்வசாதாரணம். அங்கே சரியாக இருந்தால், மஞ்சள் பின் மஞ்சள் குழியில்தான் இருக்கிறதா என்று பார். கொஞ்சம் பெரிய செட்டுகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று தனி வரிசை ஒன்று இருக்கும். தூசு தட்டும்போது கழன்ற மஞ்சளைப் பச்சையில் செருகிவிட்டாலும் படம் வரும், கலர் வராது.

திரை ஒரு மூலையில் மட்டும் ஊதாவோ பச்சையோ பூத்திருந்தால் அது வேறு கதை. பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி இருக்கும், அதன் காந்தம் செய்கிற வேலை. ஸ்பீக்கரைத் தள்ளி வை. டிவியை ரிமோட்டில் அணைக்காமல் மெயின் சுவிட்சில் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடு. ஒவ்வொரு முறை போடும்போதும் அது தன் காந்தக் கறையைத் தானே கொஞ்சம் துடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

கரன்ட் போய் வந்ததும் "டிவி ரிப்பேர்" என்று அம்மா போன் பண்ணுவார் இல்லையா? திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் கேள். கொசு பறக்கிற மாதிரி இரைச்சலோடு புள்ளி என்றால், டிவி ஏவி மோடிலிருந்து பழைய சேனல் ஒன்றுக்குத் தாவியிருக்கிறது. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, உறைந்து நிற்கிறது என்றால் சிக்னல் கோளாறு. அதற்குக் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டும், டிவி மெக்கானிக்கை அல்ல. முதல் கோளாறுக்கு என் வைத்தியம்: ரிமோட்டில் ஏவி பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடு. "சிவப்புப் பொட்டு பக்கத்துல அமுக்கும்மா" என்றால் முடிந்தது. ரிமோட்டே தொலைந்துவிட்டதா? சில செட்டுகளில் டிவியிலேயே உள்ள பட்டனால் சேனலைக் கீழே இறக்கிக்கொண்டே போனால் பூஜ்யத்தில் ஏவி வரும்.

டிவி சத்தத்தை முக்கால் அளவுக்கு வைத்துவிட்டு, டிவி ரிமோட்டை அலமாரியில் போட்டுவிடு, ஏவிக்கு மாற்ற மட்டும் எடுத்தால் போதும். கூட்டுவது, குறைப்பது, சேனல் மாற்றுவது எல்லாம் பாக்ஸ் ரிமோட்டில்தான். வயதானவர்களுக்கு இரண்டு ரிமோட் என்பது தலைவேதனை.

படத்தில் எல்லாருக்கும் முகம் நீண்டு, ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தோடு தெரிந்தால் பாக்ஸில் திரை அளவு 16:9 என்று இருக்கிறது. 4:3-க்கு மாற்று. அதற்குள்ளும் இரண்டு வகை உண்டு. ஒன்று மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டும். மற்றது திரையை நிரப்பி இரண்டு ஓரங்களையும் வெட்டும். 14 அங்குலத் திரையில் பட்டை விட்டால் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள். சீரியல் பார்க்கிற அம்மாவுக்கு ஓரத்தை வெட்டிவிடு, ஒன்றும் குறையாது. அப்பா கிரிக்கெட் பார்ப்பவரென்றால் மூலையில் வரும் ஸ்கோர் காணாமல் போகும். அப்போது பட்டைதான் சரி. இந்தச் சண்டையை நீ தீர்க்க முடியாது, மாற்றுகிற இடத்தை மட்டும் காட்டிக்கொடு.

டிவியில் ஒலிக்கு ஒரே குழிதான் இருந்தால் வெள்ளையைச் செருகு, சிவப்பு தொங்கட்டும். பாக்ஸ் மெனுவில் ஆடியோவை மோனோ என்று மாற்றினால் எந்த ஒலியும் விடுபடாது. சின்ன பாக்ஸ்களில் ஹெட்போன் மாதிரி ஒரே பின்னில் ஆரம்பித்து மூன்றாகப் பிரியும் வயர் வரும். எல்லா வயரும் உள்ளே ஒரே மாதிரி இருக்காது. கடையில் வேறு வாங்கிப் போட்டுப் படம் வராமல் 'ர்ர்ர்' என்று சத்தம் மட்டும் வந்தால், மூன்று பின்னையும் மஞ்சள் குழியில் மாற்றி மாற்றிச் செருகிப் பார்.

ஏவி குழியே இல்லாத மிகப் பழைய செட் என்றால் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். பாக்ஸில் 'கேபிள் அவுட்' என்று ஒரு வாய் இருக்குமே, அதிலிருந்து வயர் போட்டால் படம் வரும் என்று நினைக்காதே. பல பாக்ஸ்களில் அது வந்த சிக்னலை அப்படியே அடுத்த பாக்ஸுக்குத் தள்ளிவிடுகிற வாய்தான். எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள பாக்ஸை மாட்ட மாற்றுப் பெட்டி வாங்கினால், 'எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து ஏவி' என்று கேட்டு வாங்கு. எதிர்ப்பக்கம் மாற்றுகிற பெட்டியும் பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும்.

மாதக் கட்டணம் கூடாது என்றால் டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும், இதே மஞ்சள் வெள்ளை பின்தான். டி.டி. தமிழ் வரும், சன், விஜய் மாதிரி கட்டணச் சேனல்கள் வராது. அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடு.

டிவியின் பின்மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆளைத் தூக்கியடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். இடி இடித்தால் பிளக்கோடு கேபிள் வயரையும் கழற்றச் சொல்.

படமே மங்கி, இருட்டாகி, போட்டுப் பத்து நிமிஷம் கழித்துத்தான் முகம் தெரிகிறது என்றால் குழாய் தேய்ந்துவிட்டது. அதற்குமேல் செலவு செய்யாதே. அப்போதும் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுக்காதே. அவர் செம்புக்காகக் குழாயை உடைப்பார், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு வாங்குகிற இடத்திலோ, பழசை எடுத்துக்கொண்டு புதுசு தருகிற கடையிலோ கொடு. கூடவே பாக்ஸைக் கொடுத்துவிடாதே. அரசு கேபிள் பாக்ஸ் இலவசமாக வந்தாலும் அந்த நிறுவனத்தின் சொத்து. இணைப்பு வேண்டாம் என்றால் ரிமோட், அடாப்டரோடு ஆபரேட்டரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.