வாளுக்கும் வால் உண்டு

கூர்மையும் பளபளப்பும் உள்ள வாளே நல்ல வாள் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். பயிற்சிக்கென்று வாங்கும் வாளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முற்றிலும் தவறு. நம் கல்லூரியில் சிலம்பம் பழகும் தோழர்கள் சிலருக்கு ஐரோப்பியரின் பழைய வாள்வித்தையிலும் இப்போது நாட்டம் பிறந்திருக்கிறது. நான் கொல்லர் வீட்டுப் பிள்ளை. ஆதலால், "எந்த மாதிரி வாள் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்கின்றனர். அவர்களுக்குச் சொன்ன விடையையே, இயற்பியல் படிப்பவன் என்ற உரிமையில் சற்று விரித்து எழுதுகிறேன்.

இரு கைகளாலும் பிடித்து வீசும் நீள்வாளுக்கு, பதினான்காம் நூற்றாண்டில் யோகன்னஸ் லீக்டெனவர் என்ற ஜெர்மானிய ஆசான் ஒரு முறையை வகுத்ததாகக் கூறுவர். பின்வந்தோர் அதைக் கையெழுத்துச் சுவடிகளில் எழுதி வைத்தனர். 1570இல் யோவாக்கிம் மேயர் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அச்சிட்ட நூலில் படங்களுடன் பாடங்கள் உள்ளன. இடையில் வழக்கொழிந்துபோன இக்கலையை, அந்நூல்களைக் கொண்டே 1990கள் முதல் பலர் மீட்டெடுத்து வருகின்றனர். மேயரின் படங்களில் வரும் வாளைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பிடியருகே அகன்றும், அதற்கு மேல் ஒடுங்கியும் இருக்கும் அது போர்வாள் அன்று; கூரில்லாத பயிற்சி வாள். அந்த அமைப்பில் இன்று செய்யப்படும் வாளை 'ஃபெடர்' என்கின்றனர். ஜெர்மன் மொழியில் இறகு என்று பொருள். ஆகவே, போர்வாளின் நகலைத் தேடி அலைய வேண்டியதில்லை. பயிற்சி வாளுக்கே நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரபு இருக்கிறது.

எடையைப் பற்றி ஒரு சொல். பழைய வாள்கள் பத்துக் கிலோ இருந்தன என்று நம்புவோர் பலர். திரைப்படங்கள் செய்த வேலை இது! உண்மையில் நீள்வாள்கள் பெரும்பாலும் 1.1 முதல் 1.8 கிலோ வரைதான் இருந்தன. இன்றைய ஃபெடர் சுமார் 130 செ.மீ. நீளமும் 1.3 முதல் 1.6 கிலோ வரை எடையும் உடையது. இரண்டரைக் கிலோ வாளை "கனமான, உறுதியான சரக்கு" என்று எவரேனும் நீட்டினால் வாங்காதீர்கள். எதிரே நிற்பவரின் விரல் எலும்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாள் பொருத்தமற்றதாயின் என்ன நேரும் என்பதற்கு 1982ஆம் ஆண்டு ஜூலையில் ரோம் நகரில் நடந்த உலக வாள்வீச்சுப் போட்டியே சான்று. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயில் பிரிவில் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ், மேற்கு ஜெர்மனியின் மத்தியாஸ் பேருடன் மோதினார். பேரின் வாள் முறிந்தது. முறிந்த முனை ஸ்மிர்னோவின் முகக்கவசத்தைத் துளைத்துக் கண் வழியே மூளைக்குள் பாய்ந்தது. சில நாட்களில் அவர் உயிர் நீத்தார். அவர் மீதும் பிழையில்லை, பேர் மீதும் பிழையில்லை. அதன் பிறகே முகக்கவசத்தின் வலிமையையும் வாளின் எஃகையும் பற்றிய விதிகள் கடுமையாக்கப்பட்டன. கூரில்லாத வாளும் முறிந்த கணத்தில் கூர்வாள் ஆகிவிடுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அப்படியானால் முறியாத வாள் எது? நம் ஆய்வகத்தில் உலோகச் சட்டத்தை வளைத்து யங் குணகம் காண்கிறோம் அல்லவா? எஃகுக்கு அது சுமார் 2 × 10¹¹ நியூட்டன்/சதுர மீட்டர். வியப்பு என்னவெனில், எஃகைக் காய்ச்சித் துவைச்சல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இம்மதிப்பு ஏறக்குறைய மாறுவதில்லை. ஒரே பளுவுக்கு வாள் எவ்வளவு வளையும் என்பதை அதன் வடிவமே, முக்கியமாகத் தடிமனே, தீர்மானிக்கிறது. தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் வளைவு அமைவதால், தடிமனை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே வளைவு ஏறக்குறைய இரட்டிக்கும். துவைச்சல் மாற்றுவது மீட்சி எல்லையை. வளைந்த வாள் மறுபடி நிமிருமா, வளைந்தே கிடக்குமா, முறியுமா என்பது அதைப் பொறுத்தது. எனவே, "நன்றாக வளைகிறது" என்பதைக் கொண்டு மட்டும் வாளை மெச்சக் கூடாது.

இதை என் தந்தை குணகம் என்ற சொல்லைக் கேளாமலே அறிந்திருக்கிறார். அவர் அரிவாள் அடிப்பது பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில். நல்ல பயிற்சி வாள்களுக்கும் ஏறக்குறைய அதே இனத்து எஃகுதான், நூற்றுக்கு 0.5 முதல் 0.6 வரை கார்பன் உள்ள வில் எஃகு. ஆனால் அரிவாளுக்கு வாய்ப்பகுதி மட்டும் கடினமானால் போதும், முதுகு மெத்தென்றிருக்கலாம். வாளோ முழுவதும் வில்லாக வேண்டும். செக்கச் சிவக்கக் காய்ச்சி அமிழ்த்திய எஃகு கண்ணாடிபோல் உடையும். அதை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டினால் மேற்பரப்பில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு கத்தரிப்பூ நிறம், சுமார் 300 டிகிரியில் மயில் நீலம் என்று நிறங்கள் ஓடும். அரிவாள் வாய்க்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார். வில்லுக்கு நீலம் வரவேண்டும், அதற்குச் சற்று மேலும் போகலாம். தொழிற்சாலைக்காரர் இதையே ராக்வெல் சி அளவில் 50ஐ ஒட்டிய எண்ணாகச் சொல்வர். இந்த எண்ணைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. சுவரில் மாட்டும் அலங்கார வாள்களில் பெரும்பாலானவை துருப்பிடிக்காத எஃகு. சமையற்கத்திக்கு அது நன்று. மோதி, வளைந்து, நிமிர வேண்டிய நீண்ட அலகுக்கு ஆகாது.

இனி, தலைப்பில் சொன்ன வால். அலகின் அடிப்பகுதி ஒடுங்கிக் கைப்பிடிக்குள் சென்று கடைசிக் குமிழ் வரை நீளும். வெளியே தெரியாத அப்பகுதியையே வால் என்கிறேன். அலங்கார வாளில் இவ்விடத்தில் மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்து நட்டு முடுக்கியிருப்பர். வீசும்போது பெரும் விசை விழுவது அங்கேதான். பற்றவைப்பின் வெப்பம் துவைச்சலைக் கெடுத்திருக்கும். ஆகவே முறிவு அங்கே நேரும், முழு அலகும் பறக்கும்! வால் அலகோடு ஒரே இரும்பாய், அகலமாய், அலகோடு சேரும் மூலை வளைவாய் இருக்க வேண்டும். பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடியாதெனில் படமாவது கேளுங்கள். கையில் பிடித்து உதறிப் பாருங்கள், கடகடவென்ற ஓசை கூடாது.

விளிம்பு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் மொட்டையாகவும், முனை சுருட்டியோ தட்டையாக அகன்றோ இருக்க வேண்டும். வாளை விரல்மேல் நிறுத்தினால் சமநிலைப் புள்ளி கைகாப்பிலிருந்து ஐந்து முதல் பத்து செ.மீ.க்குள் அமைவது நலம். பின்னர், கண்ணாடி அணிந்த விற்பனையாளரையே முனையை மரப்பலகையில் ஊன்றி வளைக்கச் சொல்லுங்கள். வளைவு மேற்பாதியில் விழ வேண்டும், பிடியருகே அன்று. விட்டதும் ஒரு கண்ணை மூடி விளிம்பு வழியே நோக்கினால் நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டும். இந்தியாவில் வாள்கள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குள் வருவன. கூரற்றதாயினும் வாங்குமுன் காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்வதும், உறையிலிட்டே எடுத்துச் செல்வதும் நல்லது.

வாங்கிய பின்னும் வேலை உண்டு. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் விளிம்பைப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கும். அரத்தால் ராவி, எண்ணெய் பூசி வையுங்கள். ஆனால் குறுக்காக மயிரிழை போன்ற விரிசல் ஒன்று கண்டால் ராவவும் வேண்டாம், பற்றவைக்கவும் வேண்டாம். எங்கள் பட்டறைக்குக் கொடுத்தனுப்புங்கள். அப்பா அதில் இரண்டு களைக்கொத்து அடித்துவிடுவார்.