விஞ்ஞானிகளையும் ஏமாற்றிய எக்ஸெல் செல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கடிதம் டைப் செய்து பழகிய பின்னர் அடுத்ததாகத் திறந்து பார்ப்பது எக்ஸெல் போன்ற ஒர்க்‌ஷீட் புரோகிராமைத்தான். வீட்டுச் செலவுக் கணக்கு, கல்யாண மொய்க் கணக்கு, அபார்ட்மெண்ட் சங்கத்தின் பட்டியல் என எதையும் இதில் கட்டம் கட்டமாக அமைத்துவிடலாம். ஆனால் நாம் டைப் செய்ததை அது அப்படியே வைத்துக்கொள்கிறதா? "ஆமாம்" என்றுதான் நானும் பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாடம் கிடைத்தது.

எங்கள் தெரு மகளிர் குழுவில் 14 பேர். குழுப் பணத்தைப் பிரித்து அவரவர் வங்கிக் கணக்கில் போட வேண்டியிருந்தது. பாஸ் புத்தகங்களை வாங்கிக்கொண்டு ஒர்க்‌ஷீட் ஒன்றில் பட்டியலை நான் தயார் செய்தேன். கணக்கு எண்கள் 16 இலக்கம் கொண்டவை. டைப் செய்தவுடன் புள்ளியும் கூட்டல் குறியுமாக ஏதோ தெரிந்தது. பார்மட்டை மாற்றினேன். முழு எண்ணும் தெரிந்தது. சரியாகிவிட்டது என்று எண்ணி அச்சடித்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் 13 பேரின் பணம் திரும்பி வந்துவிட்டது. ஒருவருக்கு மட்டுமே போய்ச் சேர்ந்திருந்தது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று ஒருவர் வாசலில் வந்து நின்றார். குழுத் தலைவியான பக்கத்து வீட்டு அக்கா பட்டியலைப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லார் நம்பரும் சைபர்லயே முடியுதே, அது எப்படிப்பா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பணம் போய்ச் சேர்ந்த அந்த ஒருவரின் உண்மையான எண்ணும் சைபரில்தான் முடிகிறது!

தவறு என்னுடையதுதான். செல்களைத் தயார் செய்யாமல் டைப் செய்தேன். டைப் செய்த பின்னர் சரிபார்க்கவும் இல்லை. ஆனால் இதே பள்ளத்தில் உலகின் பெரிய ஆய்வாளர்களும் விழுந்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதையும், விழாமல் தப்பிக்கும் வழியையும் இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

மூன்று சிறிய சோதனைகள்

எக்ஸெல் புரோகிராமில் புதிய ஒர்க்‌ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். எந்த செட்டிங்கையும் மாற்ற வேண்டாம்.

சோதனை 1: ஏ1 செல்லில் 1234567890123456 என டைப் செய்து என்டர் தட்டவும். 1.23457ஈ+15 என்று காட்டும். மீண்டும் அந்த செல்லில் கிளிக் செய்து, மேலே உள்ள பார்முலா பாரைப் பாருங்கள். கடைசி இலக்கமான 6 இருக்காது. அந்த இடத்தில் 0 இருக்கும்.

சோதனை 2: ஏ2 செல்லில் 0044 என டைப் செய்யவும். 44 மட்டுமே மிஞ்சும். முன்னால் உள்ள சைபர்களுக்கு மதிப்பு இல்லை என்று புரோகிராம் முடிவு செய்துவிடுகிறது.

சோதனை 3: ஏ3 செல்லில் 7/3 என டைப் செய்யவும். இது சென்னையில் புதிய எண் 7, பழைய எண் 3 கொண்ட ஒரு வீட்டின் கதவு எண்ணாக இருக்கலாம். எக்ஸெல் இதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். உங்கள் விண்டோஸ் எந்த நாட்டுத் தேதி முறையில் உள்ளதோ, அதன்படி மார்ச் 7 அல்லது ஜூலை 3 என மாற்றிவிடும்.

"சரி, பார்மட்டைப் பழையபடி ஜெனரல் என மாற்றினால் 7/3 திரும்ப வந்துவிடுமே" என்று நினைப்பீர்கள். வராது. எக்ஸெல் தேதிகளை நாள் எண்ணிக்கையாகவே வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. 2024-ம் ஆண்டில் 7/3 என டைப் செய்து அது மார்ச் 7 ஆக மாறியிருந்தால், ஜெனரல் பார்மட்டில் 45358 என்றுதான் கிடைக்கும். நீங்கள் டைப் செய்தது எங்கும் சேமிக்கப்படவில்லை.

16 இலக்க எண்ணுக்கும் இதே கதைதான். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்குப் பின் வருபவை சைபராகிவிடும். கூட்டிக் கழிக்க வேண்டிய எண்களுக்கு இது போதும். ஆனால் வங்கிக் கணக்கு எண்ணை யாரும் கூட்டப் போவதில்லை. அது எண் போலத் தோன்றும் பெயர். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

மார்ச் மாதமான மரபணு

இப்போது விஞ்ஞானிகள் கதைக்கு வருவோம். நம் உடலின் மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர்கள் உண்டு. அவற்றில் சில மார்ச்1, செப்ட்2, டெக்1 என்று அமைந்திருந்தன. இவற்றை எக்ஸெல்லில் டைப் செய்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். மார்ச் 1, செப்டம்பர் 2, டிசம்பர் 1 எனத் தேதிகளாகிவிடும்! 2310009ஈ13 போல, நடுவில் ஆங்கில ஈ எழுத்து வரும் அடையாள எண்கள் ஒரு பிரமாண்ட எண்ணாக மாறிவிடும்.

இதை 2004-ம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2016-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் சீமன், யோத்தம் எரென், அஸாம் எல்-ஓஸ்டா ஆகிய மூவர், 2005 முதல் 2015 வரை 18 ஆய்வு இதழ்களில் கட்டுரைகளுடன் இணைக்கப்பட்டிருந்த எக்ஸெல் பைல்களைத் தேடிப் பார்த்தனர். மரபணுப் பட்டியல் கொண்ட கட்டுரைகள் 3,597. அவற்றில் 704 கட்டுரைகளில் இந்தத் தவறு இருந்தது. அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

எச்சரித்த பின்னர் குறைந்ததா? சீமனும் அவரது குழுவினரும் 2021-ல் மறுபடியும் ஆராய்ந்தனர். இந்த முறை பார்த்த 11,117 கட்டுரைகளில் 30.9 சதவீதத்தில் தவறு இருந்தது. இதனால் அந்தக் கட்டுரைகளின் முடிவுகள் எல்லாம் பொய் என்று பொருள் அல்ல. ஆனால் அந்தப் பட்டியலை நம்பி அடுத்த ஆய்வைத் தொடங்குபவருக்கு சில மரபணுக்கள் காணாமல் போயிருக்கும். அவை காணாமல் போனதே அவருக்குத் தெரியாது.

இறுதியில் இறங்கி வந்தது யார் தெரியுமா? முதலில் விஞ்ஞானிகள்தான். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, 2020-ல் வெளியிட்ட விதிமுறைகளில் இத்தகைய பெயர்களை மாற்றிவிட்டதை அறிவித்தது. மார்ச்1 இப்போது மார்ச்எப்1. செப்ட்1 இப்போது செப்டின்1. மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2023-ல், தானாக மாற்றுவதை நிறுத்திக்கொள்ளும் வசதியை எக்ஸெல்லில் கொடுத்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

இடம் போதாததால் விடுபட்ட நோயாளிகள்

இரண்டாவது கதை இன்னும் கவலை தருவது. 2020-ல் கொரோனா பரவிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறையினர் பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். வகை பைலில் ஏற்றினர். இந்த வகை பைலில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடம் இல்லை. ஒவ்வொரு முடிவும் பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால் பைல் சீக்கிரமே நிறைந்துவிட்டது. நிறைந்த பின் வந்தவை விடுபட்டுப் போயின.

இப்படி செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கில் சேரவில்லை. நோய் இருப்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமானது. தீமோ பெட்ஸர், தாமஸ் கிரேபர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இந்தத் தாமதத்தின் விளைவைக் கணக்கிட்டனர். 1,25,000-க்கும் மேற்பட்ட கூடுதல் தொற்றுகளும், 1,500-க்கும் மேற்பட்ட உயிரிழப்புகளும் இதனுடன் தொடர்புடையவை என்று மதிப்பிட்டனர். இது மதிப்பீடுதான் என்றாலும், ஒரு பைல் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது எங்கே கொண்டு விடும் என்பதை இது காட்டுகிறது.

இன்றைய எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். வகை பைலில் 10,48,576 வரிசைகள் உண்டு. நம் வீட்டுக் கணக்குக்கு அதுவே ஏழு தலைமுறைக்குப் போதும்!

ஐந்து வரிசைகள் குறைந்த சராசரி

மூன்றாவது கதை பார்முலா பற்றியது. 2010-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாப் ஆகியோர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கடன் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 சதவீதம் என்று அதில் இருந்தது. பல நாட்டுத் தலைவர்கள் இதை எடுத்துப் பேசினார்கள்.

2013-ல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களுடைய ஒர்க்‌ஷீட்டையே கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் பார்முலா 49-ம் வரிசை வரை செல்வதற்குப் பதிலாக 44-ம் வரிசையிலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டுவிட்டன. இதையும், தகவல்களைச் சேர்த்த முறையில் இருந்த வேறு குறைகளையும் திருத்தியபோது, விடை 2.2 சதவீதம் என வந்தது. எக்ஸெல் தவறை இருவரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் தங்கள் அடிப்படைக் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நம் மனமும் ஒரு காரணம்

"படித்தவர்களே ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்கலாம். இதற்கு மனோதத்துவ ரீதியான பதில் உண்டு. 1987-ல் பாலி பிரவுன், ஜான் கோல்ட் என்ற ஆய்வாளர்கள், அனுபவம் வாய்ந்த ஒன்பது பேரை ஆளுக்கு மூன்று ஒர்க்‌ஷீட்கள் தயாரிக்கச் செய்தனர். அவற்றில் 44 சதவீதத்தில் தவறுகள் இருந்தன. தயாரித்தவர்களோ தங்கள் வேலை சரி என்று நம்பிக்கையுடன் இருந்தனர். கட்டம் போட்டு நேர்த்தியாகத் தெரியும் எதையும் நம் மனம் சரி என்று ஏற்றுக்கொள்கிறது. நான் பட்டியலை அச்சடித்துப் பார்த்தபோதும் அதுதான் நடந்தது.

இதே துறையில் நீண்ட காலம் ஆராய்ந்தவர் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரே பாங்கோ. அவர் நடத்திய ஒரு சோதனையில், ஒர்க்‌ஷீட்டில் இருந்த தவறுகளில் 63 சதவீதத்தைத் தனி ஆட்கள் கண்டுபிடித்தனர். மூன்று பேர் சேர்ந்து பார்த்தபோது 83 சதவீதம் கிடைத்தது. எங்கள் அக்காவுக்கு எக்ஸெல் தெரியாது. ஆனால் ஒரே பார்வையில் தவறைப் பிடித்துவிட்டார்!

இனி நாம் செய்ய வேண்டியது

1. டைப் செய்யும் முன்பே செல்களைத் தயார் செய்யுங்கள். கணக்கு எண், கதவு எண், ஆதார் எண், தொலைபேசி எண் வர வேண்டிய காலத்தின் தலைப்பு எழுத்தில் கிளிக் செய்து காலம் முழுவதையும் தேர்ந்தெடுக்கவும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு 1 அழுத்தவும். பார்மட் செல்ஸ் டயலாக் பாக்ஸ் கிடைக்கும். இதில் நம்பர் என்ற டேபில், டெக்ஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓ.கே. கிளிக் செய்திடவும். இதன் பின்னரே டைப் செய்யவும். டைப் செய்த பின் இதைச் செய்தால் போன இலக்கம் திரும்பாது.

2. ஒன்றிரண்டு செல்கள் மட்டும் என்றால், எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை டைப் செய்தால் போதும். செல்லில் அந்தக் குறி தெரியாது. எண் அப்படியே இருக்கும்.

3. செல் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தோன்றினால் பயப்பட வேண்டாம். எண்ணை டெக்ஸ்டாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்கிறது, அவ்வளவுதான். அங்கே எண்ணாக மாற்றும்படி வரும் வரியில் மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள்.

4. சாதாரணமாக டெக்ஸ்ட் செல்லின் இடது ஓரத்திலும், எண்ணும் தேதியும் வலது ஓரத்திலும் நிற்கும். கதவு எண் காலத்தில் ஏதாவது ஒன்று வலது பக்கம் ஒதுங்கி நின்றால் சந்தேகப்படுங்கள்.

5. மைக்ரோசாப்ட் 365 எக்ஸெல் வைத்திருந்தால், பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று டேட்டா பிரிவைத் திறக்கவும். தானியங்கி மாற்றம் பற்றிய பகுதியில் நான்கு டிக் அடையாளங்கள் இருக்கும். முன் சைபர்களை நீக்குவது, 15 இலக்கத்துக்கு மேல் வெட்டுவது, ஈ எழுத்து கொண்டவற்றை மாற்றுவது, எழுத்தும் எண்ணும் சேர்ந்தவற்றைத் தேதியாக்குவது ஆகியவை இவை. வேண்டாதவற்றில் டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். ஆனால் 7/3 போன்றவற்றுக்கு இதை நம்ப வேண்டாம். டெக்ஸ்ட் பார்மட்டே பாதுகாப்பானது.

6. பார்முலா அமைத்த பின்னர் அந்த செல்லில் இரட்டைக் கிளிக் செய்து பாருங்கள். பார்முலா எடுத்துக்கொள்ளும் செல்களைச் சுற்றி வண்ணக் கோடு தெரியும். கடைசி வரிசை அதற்குள் வந்துவிட்டதா எனக் கவனியுங்கள்.

7. பட்டியலை முடித்த பின் ஆட்களை எண்ணுங்கள். கையில் உள்ள காகிதத்தில் 14 பேர் என்றால் ஒர்க்‌ஷீட்டிலும் 14 வர வேண்டும். பின்னர் வேறு ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்துடன் ஒப்பிடுங்கள்.

அன்று பாஸ் புத்தகங்களை மறுபடி வாங்கி வந்து, முதல் படியில் சொன்னபடி காலத்தைத் தயார் செய்து, எல்லா எண்களையும் புதிதாக டைப் செய்தேன். அக்கா ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். நான் விரல் வைத்துப் பார்த்தேன். இம்முறை 13 பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. பள்ளியில் பேசி இரண்டு நாள் தவணை வாங்கியிருந்தவரும் கட்டணத்தைக் கட்டிவிட்டார்.

மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் இன்றே செய்து பாருங்கள். பிறகு நீங்கள் ஏற்கனவே சேமித்து வைத்துள்ள பட்டியல் ஒன்றைத் திறந்து, அதில் கதவு எண்களும் கணக்கு எண்களும் எப்படி இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.